ஓடைக்கு முந்தைய பத்து மீட்டர்

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேளுங்கள். அவசரமில்லாமல் சொல்லவேண்டிய சங்கதி இது.

ஸ்வீடனின் வடக்கே, ஊமெயோ நகரத்திலிருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டர் உள்ளே போனால் விண்டெல்ன் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டிய பைன், ஸ்புரூஸ் காட்டுக்குள் வெஸ்ட்ராபெக்கன் என்றோர் ஓடை ஓடுகிறது. காலை அகட்டி வைத்தால் தாண்டிவிடலாம், அவ்வளவு சின்னது. குனிந்து பார்த்தால் அடியில் கிடக்கும் கல் தெரியும், கலங்கல் இல்லை. ஆனாலும் நீருக்கு நிறம் உண்டு. உங்கள் டீயில் பால் விடுவதற்கு முன்னால் இருந்த டிகாஷனில் நிறையத் தண்ணீர் ஊற்றினால் என்ன நிறம் வருமோ, அந்தச் செம்பழுப்பு.

அதை அழுக்கு என்று எண்ணிவிட வேண்டாம். காடு ஓடைக்கு அனுப்பும் சத்தின் பெரும்பங்கு அந்த நிறத்துக்குள்தான் இருக்கிறது. மக்கிய இலை, வேர், பாசி இவற்றிலிருந்து கரைந்து வந்த கரிமப் பொருள் அது. கார்பன் அதில் உண்டு, நைட்ரஜன் உண்டு, இரும்பும் கொஞ்சம் பாஸ்பரஸும் அதைப் பற்றிக்கொண்டு வருகின்றன. மரத்தடியில் இருந்தது ஓடைக்கு எப்படி வந்தது? மழை பெய்கிறது, மண்ணைக் கழுவுகிறது, பள்ளத்தில் போய்ச் சேர்கிறது என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். விண்டெல்ன் காட்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எடுத்துவரும் அளவுகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஓடையை ஒட்டிய சில மீட்டர் மண், அதிலும் அதன் மேற்புறத்துச் சில பத்து சென்டிமீட்டர், ஆண்டில் ஒரு சில வாரம். ஓடை நீரில் என்ன இருக்கும் என்பது பெரும்பாலும் அந்த இடத்தில், அந்த நேரத்தில் முடிவாகிறது. இதைப் புரிந்துகொண்டால் வடக்கத்திக் காடுகளை வெட்டுபவர்கள் எங்கே கையை நிறுத்த வேண்டும் என்பதும் தானாகவே விளங்கும். அதற்காகத்தான் இத்தனை தூரம் சொல்ல வருகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். இந்த ஓடையும் இதைப் போன்ற மற்ற ஓடைகளும் சேர்ந்த நீர்ப்பிடிப்புப் பகுதிக்குக் கிரிக்லான் என்று பெயர். ஏறக்குறைய 68 சதுர கிலோமீட்டர். அதில் 87 விழுக்காடு காடு, 9 விழுக்காடு சதுப்பு. ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 2 டிகிரி. ஆண்டுக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டி மழையும் பனியும் விழுகின்றன. அதில் பாதி ஆவியாகப் போய்விட, பாதி ஓடையாக ஓடுகிறது. இங்குள்ள ஸ்வார்ட்பெரியெட் காடு 1920களிலேயே ஆராய்ச்சிக்கென்று ஒதுக்கப்பட்டது. ஓடைநீரை அளக்கும் வேலை 1980களில் நிலைபெற்றது. ஓடைக்குக் குறுக்கே நடுவில் 'வி' வடிவ வெட்டு விட்ட சிறு தடுப்பைக் கட்டி, வெட்டின் வழியே எவ்வளவு உயரத்துக்கு நீர் போகிறது என்று பார்த்தால் ஓட்டத்தின் அளவு கிடைத்துவிடும். உறைபனியில் அந்தத் தடுப்பு இறுகிவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு மரக் கொட்டகை கட்டி, உள்ளே சூடேற்றி வைத்திருக்கிறார்கள். வெளியே எல்லாம் வெளுத்துக் கிடக்கும் மாதங்களிலும் நீர் மாதிரி எடுப்பது நிற்பதில்லை. இப்படி ஒரு தலைமுறைக்கு மேல் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் மீது எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஓடை ஓர் ஆண்டில் சொல்வதும் முப்பது ஆண்டில் சொல்வதும் ஒன்றாக இருப்பதில்லை.

இனிக் காட்டுக்குள் போவோம். வடக்கத்திக் காடு தழைச்சத்துக்கு, அதாவது நைட்ரஜனுக்கு, ஏங்கிக் கிடக்கும் காடு. நைட்ரஜன் காற்றில் நிறைய இருந்தாலும் மரத்தால் அதை அப்படியே எடுக்க முடியாது. மழையோடும் பனியோடும் இறங்கும் நைட்ரஜன் அங்கே ஓர் எக்டேருக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ அளவில்தான். விழுந்த ஊசியிலை குளிரில் மெல்ல மெல்லத்தான் மக்கும். அதனால் கிடைக்கிற ஒவ்வொரு துளியையும் காடு இறுகப் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் வேர்நுனிகளைப் போர்த்தியிருக்கும் பூஞ்சைகள் மண்ணுக்குள் நூல் நூலாகப் பரவிச் சத்தைத் தேடி எடுக்கின்றன.

செடிகள் அம்மோனியத்தையும் நைட்ரேட்டையும்தான் உறிஞ்சும், கரிமப் பொருளை நுண்ணுயிர்கள் உடைத்துத் தந்தால்தான் உண்டு என்று வெகுகாலம் பாடம் நடந்தது. 1998இல் டோர்க்னி நேஷ்ஹோல்மும் உடன் வேலை செய்தவர்களும் வடக்கு ஸ்வீடனின் காட்டு மண்ணில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தைச் செலுத்தினார்கள். அதிலிருந்த கார்பனையும் நைட்ரஜனையும் கனமான ஐசோடோப்புகளால் அடையாளமிட்டிருந்தார்கள். மரங்களும் புல்லும் பில்பெரிச் செடியும் அந்த அமினோ அமிலத்தில் கணிசமான பகுதியை உடையாமல் முழுசாகவே எடுத்துக்கொண்டது தெரியவந்தது. அடுத்து, 2002இல் தாமஸ் டிலூகாவின் குழு தரையைப் பார்த்தது. காட்டுத் தரையில் கம்பளமாகப் படர்ந்திருக்கும் இறகுப் பாசியின் இலைகளுக்கிடையே நீலப்பச்சை நுண்ணுயிர்கள் குடியிருந்து, காற்றிலிருந்து எக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ நைட்ரஜனைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன. வானத்திலிருந்து வருவதற்கு ஏறக்குறையச் சமமான வரவு, காலடியில் யாரும் கவனிக்காத பாசியிலிருந்து.

இவ்வளவு சிக்கனமான காட்டிலிருந்து ஓடைக்கு எது போகும்? யாருக்கும் எளிதில் பயன்படாதது போகும். அதனால்தான் இந்த ஓடைகளில் வரும் நைட்ரஜனில் பெரும்பகுதி நைட்ரேட்டாக இல்லாமல் கரிமப் பொருளோடு பிணைந்ததாக இருக்கிறது. பெரிய, சிக்கலான மூலக்கூறுகள். நிறையக் கார்பனுக்கு நடுவே எங்கோ ஒரு நைட்ரஜன். மரமும் பூஞ்சையும் அதைப் பிரித்தெடுக்கப் பாடுபடுவதற்குள் நீர் கொண்டுபோய்விடுகிறது. உரம் போட்ட வயலை ஒட்டிய வாய்க்காலில் நிலைமை தலைகீழ்; அங்கே நைட்ரேட்தான் முன்னால் நிற்கும்.

சரி, நீர் எப்படிக் கொண்டுபோகிறது? இங்கேதான் நிதானம் வேண்டும்.

அந்தக் காட்டில் ஐந்து, ஐந்தரை மாதம் பனி தரையில் கிடக்கும். ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் அது உருகுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் நீரில் பாதி அளவுக்கு அந்தச் சில வாரங்களிலேயே ஓடித் தீர்ந்துவிடும். அப்படியானால் அப்போது ஓடையில் பாய்வது உருகிய பனிநீர் என்றுதானே நினைப்போம்? ஆக்சிஜனிலும் லேசானது, கனமானது என்று ஐசோடோப்புகள் உண்டு. பனியில் கனமானது குறைவு, மண்ணில் முன்பே தேங்கியிருக்கும் நிலத்தடி நீரில் அதைவிடக் கூடுதல். இந்த வேறுபாட்டை வைத்து ஓடைநீர் எங்கிருந்து வந்தது என்று கணக்கிடலாம். ஆலன் ரோடே 1987இல் உப்சாலாவில் அளித்த ஆய்வேட்டில், ஸ்வீடனின் காட்டோடைகளில் வசந்தகால வெள்ளத்திலும் பழைய நீரே மிகுதி என்று காட்டினார். பனி உருகி உள்ளே இறங்குகிறது. ஏற்கெனவே மண்ணுக்குள் இருந்த நீர் அதன் அழுத்தத்தில் வெளியே தள்ளப்படுகிறது. ஓடையில் நாம் பார்ப்பது போன ஆண்டின் மழையாகவோ அதற்கும் முந்தியதாகவோ இருக்கக்கூடும்.

பழைய நீர் என்றால் அதன் குணமும் மாறாமல் இருக்க வேண்டுமல்லவா? இருப்பதில்லை. வெள்ளம் வந்ததும் வெஸ்ட்ராபெக்கனின் பழுப்பு அடர்த்தியாகிறது. இதற்கான விடை மண்ணின் அடுக்கில் இருக்கிறது. பனியுகத்தில் பனிப்பாறை அரைத்துக் கொட்டிவிட்டுப் போன கல்லும் மணலும் வண்டலும் கலந்த மண் அது. ஆழத்தில் இறுக்கமாகவும் மேலே வேர்களாலும் உறைபனியாலும் நெகிழ்ந்தும் இருக்கும். ஒரு மீட்டர் ஆழத்தில் நீர் மிக மெதுவாகத்தான் நகரும். மேலே வர வர அதன் வேகம் பன்மடங்கு கூடும். பனி உருகும்போது நிலத்தடி நீர்மட்டம் ஏறுகிறது. ஏறியதும் மேல் அடுக்கைத் தொடுகிறது. தொட்டவுடன் அந்த அடுக்கு வழியாகவே பக்கவாட்டில் ஓடைக்கு விரைகிறது. ஒரு கையளவு மட்டம் உயர்ந்தால் போதும், ஓடைக்குப் போகும் அளவு பல மடங்காகிவிடும்.

கடைசியாக நீர் கடந்துவரும் அந்த மேல் அடுக்கு எப்படிப்பட்டது? வெஸ்ட்ராபெக்கன் கரையில் ஓடையிலிருந்து 4 மீட்டர், 12 மீட்டர், 22 மீட்டர் தொலைவில் மண்ணுக்குள் பல ஆழங்களில் நீரை உறிஞ்சும் குழாய்களைப் பதித்து வைத்திருக்கிறார்கள். 22 மீட்டருக்கு அப்பால் மேட்டு மண்: மேலே மெல்லிய மக்குப் படலம், கீழே வெளுத்த மணல், அதற்கும் கீழே இரும்பும் அலுமினியமும் சேர்ந்த செம்மண் அடுக்கு. மேலிருந்து கரைந்து இறங்கும் கரிமப் பொருளை அந்த இரும்பும் அலுமினியமும் பிடித்து நிறுத்திவிடுவதால் கீழே போகும் நீர் கிட்டத்தட்டத் தெளிவாகிவிடுகிறது. 4 மீட்டரில் நிற்கும் மண் முற்றிலும் வேறு. எப்போதும் ஈரம், காற்றில்லாமல் மக்காத பீட் மண், கறுத்து, அரை மீட்டருக்கும் மேல் சேர்ந்திருக்கும். மேட்டிலிருந்து தெளிந்து இறங்கி வரும் நீர் ஓடையில் விழுவதற்கு முன் அந்தக் கறுப்பு மண்ணில் ஊறி, அங்கே சாயமேறித்தான் விழுகிறது. டிகாஷன் இறங்கும் இடம் அதுதான். மேட்டுக்காட்டில் நீர் எந்த வழியாக அலைந்து வந்திருந்தாலும், ஓடை நினைவில் வைத்திருப்பது கடைசியாகத் தொட்ட மண்ணை.

மட்டம் தாழ்ந்திருக்கும் குளிர்காலத்தில் நீர் அந்தக் கரைமண்ணின் அடி அடுக்கு வழியே கசிகிறது, பழுப்பு வெளிறுகிறது. வசந்தத்தில் மேல் அடுக்கு வழியே பாய்கிறது, அடர்கிறது. 2015இல் ஹோசே லெடெஸ்மாவும் கூட்டாளிகளும் இந்தக் கரையோர மண்ணில் ஓடைக்குக் கரிமப் பொருளின் மிகுதியான பங்கை அனுப்புவது ஒரு மெல்லிய படலம்தான் என்று கணித்தார்கள். அதிலிருக்கும் கையிருப்பு மட்டுமே இன்றைய அளவில் பல நூறு ஆண்டுகளுக்குத் தாங்கும் என்பதும் அவர்கள் கணக்கு. இன்று ஓடையில் போகும் கார்பனில் ஒரு பகுதி எந்த அரசர் காலத்துப் பாசியாக இருக்குமோ!

கடைசியாகத் தொட்ட மண்தான் ஓடையின் நிறத்தை முடிவுசெய்கிறது என்பதற்குச் சான்றாகப் பக்கத்திலேயே எதிர்மாறாக நடந்துகொள்ளும் ஓர் ஓடை இருக்கிறது. வெஸ்ட்ராபெக்கனின் நீர்ப்பிடிப்பு 12 எக்டேர், முழுக்கக் காடு. அதற்கு அண்டையில் 18 எக்டேர் கொண்ட இன்னொன்றில் கிட்டத்தட்டப் பாதி சதுப்பு. குளிர்காலத்தில் சதுப்போடைதான் கறுப்பாக ஓடும். பனி உருகும்போது சதுப்பின் மேற்பரப்பு உறைந்து கிடப்பதால் புது நீர் உள்ளே ஊறாமல் மேலாக வழிந்து ஓடையில் சேர்ந்துவிடுகிறது, பழுப்பு நீர்த்துப்போகிறது. ஒரே வாரம், ஒரே பனி, ஒரே வானம்; ஓர் ஓடை அடர்கிறது, மற்றது வெளிறுகிறது. இரண்டும் கீழே கூடும் இடத்தில் மாதிரி எடுத்து, சராசரி மட்டும் பார்த்தால் இந்த இரண்டு கதையும் கண்ணில் படாது. சின்ன ஓடைகளைத் தனித்தனியே பார்க்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

நைட்ரேட்டின் கணக்கு தனி. பனிப்போர்வைக்கு அடியில் மண் ஆழம்வரை உறைவதில்லை. நுண்ணுயிர்கள் மெதுவாக வேலை செய்துகொண்டே இருக்கின்றன. எடுத்துக்கொள்ள மரமோ செடியோ விழித்திருப்பதில்லை. ஆகவே ஓடைகளில் நைட்ரேட் குளிர்காலத்தில் ஏறி, பனி உருகத் தொடங்கும்போது ஒரு வீச்சாக வந்து, கோடையில் அளவிட முடியாத அளவுக்கு வற்றிவிடுகிறது. கரையோரப் பீட் மண்ணுக்கும் இதில் கை உண்டு: காற்றில்லாத இடத்தில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை உடைத்து வாயுவாக்கி வானத்துக்கே திருப்பி அனுப்பிவிடும். மணிச்சத்தான பாஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மேட்டு மண்ணைவிட்டு எளிதில் கிளம்பாது. கரைமண்ணில் காற்று குறைந்து இரும்பு கரையும்போது கூடவே கொஞ்சம் கரைந்து புறப்படும்.

இன்னொன்று. கரை நெடுக ஒரே சீராக நீர் கசிவதில்லை. மேட்டின் சரிவும் பள்ளமும் நிலத்தடி நீரைச் சில இடங்களில் குவித்து அனுப்புகின்றன. ஓடைக்கரையில் நடந்தால் அந்த இடங்களைக் காலே சொல்லிவிடும்: ஸ்பாக்னம் பாசி மெத்தென்று அமுங்கி நீர் மேலே வரும். சில மீட்டர் அகலமே உள்ள அப்படிப்பட்ட நுழைவாய்கள் ஒரு நீண்ட பகுதியின் நீரில் பெரும்பங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடுகின்றன. கரிமப் பொருளும், அதோடு கரைந்த கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் அங்கேதான் ஓடைக்குள் நுழைகின்றன. தலைப்பில் சொன்ன பத்து மீட்டரிலும் எல்லா மீட்டரும் சமமில்லை.

ஓடைக்குள் வந்த சத்து சும்மா மிதந்து போவதில்லை. கல்லின்மேல் வழவழப்பாகப் படர்ந்திருக்கும் பாக்டீரியா, பூஞ்சை, பாசிப் படலம் அதை உண்கிறது. அகர் கூழில் ஒன்றில் நைட்ரஜன், ஒன்றில் பாஸ்பரஸ் என்று கலந்து சிறு கிண்ணங்களில் ஊற்றி ஓடையில் வைத்துப் பார்த்தார்கள். நைட்ரஜன் வைத்த கிண்ணத்தில் படலம் செழித்தது. காட்டைப் போலவே ஓடையும் தழைச்சத்துக்குப் பசித்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் விழும் பிர்ச், ஆல்டர் இலைகளைப் பூச்சிகளின் இளம்பருவங்கள் கடித்துத் துண்டாக்குகின்றன. அவற்றை மீன் தின்னும். மீதியெல்லாம் விண்டல் ஆற்றில் இறங்கி, ஊமெ ஆற்றோடு கலந்து, போத்னியா வளைகுடாவுக்குப் போகிறது. அணை கட்டும் திட்டத்திலிருந்து 1970இல் தப்பித்த ஆறு விண்டல். அதைக் காக்கப் போராடியவர்கள் பேராற்றைக் காப்பாற்றினார்கள். அந்தப் பேராற்றை ஊட்டும் நூற்றுக்கணக்கான சின்ன ஓடைகளுக்கு அப்படிப் பேச யாரும் அதிகம் இருந்ததில்லை.

மரத்தை வெட்டினால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய, மிகக் கடுமையான ஒரு சோதனை அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில், ஹப்பர்ட் புரூக்கில் நடந்தது. அங்கே 15.6 எக்டேர் நீர்ப்பிடிப்பு ஒன்றில் 1965 கடைசியில் எல்லா மரத்தையும் வெட்டிப் போட்டுவிட்டு, மூன்று கோடைகள் களைக்கொல்லி தெளித்து எதையும் முளைக்கவிடாமல் வைத்தார்கள். முதல் ஆண்டில் ஓடையின் நீரளவு 39 விழுக்காடு கூடியது. நைட்ரேட்டின் அடர்த்தி நாற்பது மடங்குக்கு மேல் ஏறி, குடிநீருக்குப் பரிந்துரைத்த எல்லையையும் தாண்டியது. சத்தைப் பிடித்து வைத்திருந்தது மண் மட்டும் என்று நினைத்திருந்தவர்களுக்கு, உயிரோடு நின்ற மரங்களும் அதைச் சுழற்றிச் சுழற்றிப் பிடித்து வைத்திருந்தன என்று அந்த ஓடை காட்டியது. வடக்கு ஸ்வீடனின் பால்ஷோவில் 2006இல், வழக்கமான முறையில் மரம் வெட்டிச் செய்த ஒப்பீட்டிலும் நைட்ரேட் ஏறத்தான் செய்தது. ஏழை மண் என்பதால் ஹப்பர்ட் புரூக் அளவுக்கு இல்லை.

வெட்டுவதைவிட ஆழமான காயம் வாய்க்கால் தோண்டியதால் வந்தது என்று நினைக்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் மரம் வளர்க்கவென்று ஸ்வீடனிலும் பின்லாந்திலும் சதுப்புகளை வடித்தார்கள். பின்லாந்தில் இருந்த சதுப்பில் பாதிக்கும் மேல் வடிக்கப்பட்டது. காற்றே புகாமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்த பீட் காற்றுப்பட்டு மக்கத் தொடங்குகிறது. வாய்க்கால் பழையதானால் கசிவு அடங்கிவிடும் என்று நம்பியிருந்தார்கள். பின்லாந்து அளவீடுகள் எதிர்மாறாகக் காட்டின: வடித்து ஆண்டுகள் ஏற ஏற நைட்ரஜனும் பாஸ்பரஸும் கூடிக்கொண்டே போயின.

ஓடைக்கரையில் ஒரு பட்டை அகலத்துக்கு மரங்களை விட்டுவிட்டு வெட்ட வேண்டும் என்பதை எல்லோரும் ஏற்கிறார்கள். எவ்வளவு பட்டை என்பதில்தான் சிக்கல். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் சின்ன ஓடைகளின் ஓரத்தில் விட்டுவைப்பது பெரும்பாலும் ஒரு சில மீட்டர்தான். பல ஓடைகள் வரைபடத்திலேயே இல்லாததால் அந்தச் சில மீட்டரும் அவற்றுக்குக் கிடைப்பதில்லை. இருபுறமும் ஒரே அகலத்தில் கோடு கிழிப்பது வேலைக்கு எளிது. ஆனால் நீர் அப்படி வருவதில்லை. வறண்ட மேடு நேராக ஓடைவரை இறங்கும் இடத்தில் குறுகிய பட்டை போதும். நிலத்தடி நீர் குவிந்து வரும் ஈரமான இடத்தில் கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே போய் நிற்க வேண்டும். லென்கா குக்லெரோவாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2014 முதல் இதைத்தான் வலியுறுத்துகிறார்கள்; அவர்கள் சொல்வது சரி என்று எனக்குத் தோன்றுகிறது. விமானத்திலிருந்து லேசர் கொண்டு நில வடிவத்தை அளந்து, எந்த இடத்தில் மண் ஈரமாக இருக்கும் என்று காட்டும் வரைபடங்களை ஸ்வீடனின் வனத்துறை இப்போது எவரும் பார்க்கத் தருகிறது. காட்டில் ஏறக்குறையப் பாதி தனிக் குடும்பங்களின் உடைமை. அறுவடைக்கு ஒப்பந்தம் போடும் அன்று அந்தக் குடும்பம் வரைபடத்தைத் திறந்து, ஈரத்தைக் காட்டும் நீலம் விரிந்த இடங்களில் மரத்தை நிற்க விடலாம். அந்த ஈரமண்ணில் மரம் மெதுவாகத்தான் வளர்ந்திருக்கும், இழப்பு பெரிதாக இருக்காது. பல டன் எடை கொண்ட அறுவடை இயந்திரம் அங்கே ஏறினால் சக்கரத் தடமே புதிய வாய்க்காலாகி, மேட்டு நீரைக் கறுப்பு மண்ணோடு நேரே ஓடையில் கொண்டுபோய் விடும். கடந்தே ஆகவேண்டுமானால் மரத்துண்டுகளை அடுக்கிப் பாலம் போட்டுக் கடக்கட்டும், தரை இறுக உறைந்திருக்கும் மாதத்தில்.